பட்டாளத்துக்கு யார் போவது? அமெரிக்காவின் உள்ளூர் டிராஃப்ட் வாரியங்கள்: ஓர் எளிய விளக்கம்

எங்காவது போர்ச் செய்தி வரும்போதெல்லாம் அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பழைய பயம் திரும்ப வந்துவிடுகிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியம்மா மகள், தன் மகனுக்கு 18 வயது நிறைந்த வாரத்தில் வந்த ஒரு கடிதத்தைப் படம்பிடித்து அனுப்பி, "தம்பி, இது என்னடா? இவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுட்டாங்களா?" என்று கேட்டார். அது அழைப்பு அன்று. பெயரைப் பதிவு செய்யச் சொல்லும் நினைவூட்டல் மட்டுமே. ஆனாலும் அக்காவின் குழப்பத்தில் தவறு காண முடியாது. இந்த ஏற்பாட்டைப் பற்றித் தமிழில் பேசப்படுவதில் பெரும்பகுதி அரைகுறையாகவே இருக்கிறது. டிராஃப்ட் வாரியம் என்றால் ராணுவ அலுவலகம் என்றும், அதில் இருந்தவர்கள் ராணுவ அதிகாரிகள் என்றும், போருக்குப் பின் அவர்களுக்குக் கிடைத்த பதக்கம் வீரத்துக்கானது என்றும் பலர் நம்புகிறார்கள். மூன்றும் தவறு.

டிராஃப்ட் என்ற சொல்

நமக்கு டிராஃப்ட் என்றால் வங்கியில் எடுக்கும் டி.டி. நினைவுக்கு வரும், அல்லது எழுதித் திருத்தும் முதல் வரைவு. அமெரிக்கப் பேச்சில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு. தகுதியுள்ள குடிமக்களிலிருந்து சிலரைத் தேர்ந்து, சட்டத்தின் வலுவில் படையில் சேர்ப்பதுதான் அது. எல்லா இளைஞரும் ஓரிரு ஆண்டு படையில் இருந்தே தீர வேண்டும் என்று சில நாடுகளில் உள்ள விதியிலிருந்து இது வேறுபட்டது. இங்கே பதிவு எல்லோருக்கும் உரியது, சேவை சிலருக்கே. அதனால்தான் இந்த ஏற்பாட்டின் அரசுப் பெயர் 'செலக்டிவ் சர்வீஸ்', அதாவது தேர்ந்தெடுத்துப் பெறும் சேவை, என்று ஆயிற்று.

தேர்வு என்று வந்தாலே தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்வி எழும். உள்ளூர் டிராஃப்ட் வாரியம் என்பது அந்தக் கேள்விக்கு அமெரிக்கா கண்ட விடை.

ஏரித் தண்ணீரும் முறையும்

மழை பொய்த்த ஆண்டில் ஒரு பாசன ஏரியை நினைத்துப் பாருங்கள். மதகை எத்தனை நாள் திறக்கலாம் என்பதை மேலே இருக்கும் பொதுப்பணித் துறை முடிவு செய்கிறது. அந்தத் தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போக வேண்டும் என்பதை ஊரார் கூடி முறை வைக்கிறார்கள். யார் வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரம், யாருக்குக் கிணறு இருக்கிறது, யார் வீட்டில் இந்த ஒரு போகத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் மாவட்டத் தலைநகரில் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. பக்கத்து வயல்காரருக்குத் தெரியும். அதே பக்கத்து வயல்காரருக்குப் பகையும் தெரியும், சாதியும் தெரியும், மைத்துனன் வயல் எது என்பதும் தெரியும்.

டிராஃப்ட் வாரியத்தின் பலமும் அதன் அநியாயமும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. ஆள் தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதே அந்த ஊற்று.

வீடு வீடாகப் போன அதிகாரிகள்: 1863

அமெரிக்கா இந்த வழிக்கு எளிதாக வந்துவிடவில்லை. உள்நாட்டுப் போரின் நடுவில், 1863 மார்ச்சில், வடக்கு மாநிலங்களின் அரசு ஆள்சேர்ப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ராணுவக் காவல் துறையின் ஆட்கள் வீடு வீடாகச் சென்று பெயர்களை எழுதினார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர் 300 டாலர் கட்டினால் விலக்குப் பெறலாம், அல்லது தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம். சாதாரணத் தொழிலாளி ஒருவரின் பல மாதக் கூலி அந்த 300 டாலர். பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்ற பேச்சு பரவியது. அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க் நகரத்தில் குலுக்கல் நடந்த அலுவலகத்துக்கே தீ வைத்தார்கள். கலவரம் பல நாட்கள் நீடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கும்பலின் கோபம் கறுப்பின மக்கள் மீது திரும்பியது. கறுப்பினக் குழந்தைகளின் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றும் எரிக்கப்பட்டது.

போர் முடிந்தபின், இல்லினாய் மாநிலத்தில் இந்த வேலையைக் கவனித்த ஜேம்ஸ் ஓக்ஸ் என்ற அதிகாரி ஓர் அறிக்கை எழுதினார். அதிகாரி வீட்டு வாசலுக்குப் போவதைவிட, குடிமகன் தானே வந்து பதிவு செய்வதும், அந்த ஊர்க்காரர்களே அதை நடத்துவதும் நல்லது என்பது அதன் சாரம். அந்த யோசனைக்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான் உயிர் வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது, 1917 மே 18 அன்று புதிய சட்டம் நிறைவேறியது. அதை நடத்தும் பொறுப்பு ஈனாக் கிரௌடர் என்ற ராணுவச் சட்ட அதிகாரியிடம் வந்தது. அவர் நாடெங்கும் 4,600-க்கும் மேற்பட்ட உள்ளூர் வாரியங்களை அமைத்தார். ஜூன் 5 அன்று, வழக்கமாக வாக்குப் போடும் இடங்களிலேயே, 21 முதல் 30 வயது வரையுள்ள ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். வாக்குச்சாவடியைத் தேர்ந்தெடுத்ததை நான் மிகக் கூர்மையான முடிவாகக் கருதுகிறேன். ராணுவ முகாமுக்குப் போகத் தயங்கும் ஒருவர், தான் வாக்களித்த அறைக்குள் நுழையத் தயங்குவதில்லை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், டிராஃப்ட் என்பது எல்லோரையும் பதிந்து சிலரைத் தேர்வது. அந்தத் தேர்வை ராணுவம் நேரடியாகச் செய்தபோது ஊர் எரிந்தது. அதனால் அது ஊர்க்காரர்கள் கைக்கு மாற்றப்பட்டது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த ஏற்பாடு முழு வடிவம் பெற்றது. 1940 செப்டம்பர் 16 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், அமெரிக்க வரலாற்றில் அமைதிக் காலத்தில் வந்த முதல் டிராஃப்ட் சட்டமாகும். நாடு முழுவதும் சுமார் 6,400 உள்ளூர் வாரியங்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று உறுப்பினர்கள். அவர்கள் அந்த வட்டாரத்திலேயே வசிப்பவர்களாக இருக்க வேண்டும்; படையில் பணிபுரிபவராக இருக்கக் கூடாது. மாநில ஆளுநர் பெயரைப் பரிந்துரைப்பார், அதிபர் நியமிப்பார். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர், நம் முதலமைச்சரைப் போன்றவர்.

விவசாயி, வழக்கறிஞர், கடைக்காரர், வங்கிக்காரர், முதல் உலகப் போரில் இருந்து திரும்பியவர் என்று பலவகை மனிதர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலையில் நீதிமன்றக் கட்டடத்தின் ஓர் அறையிலோ வேறு பொதுக் கட்டடத்திலோ கூடிக் கோப்புகளைப் பிரித்தார்கள். கோப்புகளை ஒழுங்காக வைத்துக் கடிதங்களைத் தட்டச்சு செய்த எழுத்தருக்கு மட்டும் ஊதியம் உண்டு. அந்த வேலையில் பெண்கள் பலர் இருந்தார்கள். இவர்களைத் தவிர, பதிவானவர்களின் உடலைச் சோதித்த உள்ளூர் மருத்துவர்களும், மேல்முறையீட்டில் உதவிய வழக்கறிஞர்களும் ஊதியமின்றியே உழைத்தார்கள்.

ஒரு கோப்பு நகரும் விதம்

பெயர் பதிவான ஒருவரின் கதை, பதிவு, வரிசை, வகை, அழைப்பு என்ற படிகளில் நகரும். இவற்றில் வரிசையும் வகையும்தான் பெரும்பாலும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

1940 அக்டோபர் 16 அன்று, 21 முதல் 35 வயது வரையிலான சுமார் 1.6 கோடிப் பேர் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு வாரியமும் தன்னிடம் வந்த அட்டைகளைக் கலைத்து, 1, 2, 3 என்று தன் எல்லைக்குள் எண் கொடுத்தது. அக்டோபர் 29 அன்று வாஷிங்டனில் குலுக்கல் நடந்தது. 1917 குலுக்கலில் பயன்பட்ட அதே கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்து வைத்தார்கள். போர்த் துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சனின் கண்ணைத் துணியால் கட்டினார்கள். அவர் கையை விட்டு எடுத்த முதல் உறையில் இருந்த எண் 158. இதைக் கேட்பவர்கள் நாடு முழுவதிலும் ஒரே ஒரு ஆள் அகப்பட்டார் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏறக்குறைய எல்லா வாரியங்களிலும் 158 என்ற எண் உள்ளவர் ஒருவர் இருந்தார். ஆகவே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில், ஒரே நொடியில், ஒவ்வொருவர் வரிசையின் தலைக்கு வந்தார். நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில் ஒவ்வொரு குடும்புக்கும் (ஊரின் வார்டுக்கும்) தனித்தனியாகச் சீட்டு எடுத்ததை அறிந்தவர்களுக்கு, ஊருக்கு ஒருவர் என்ற இந்தக் கணக்கு விளங்கும்.

குலுக்கல் தந்தது வரிசையை மட்டுமே. வரிசையில் முதலில் நின்றவர் முதலில் போனார் என்று பொருள் இல்லை. அவருக்கு வாரியம் நீண்ட வினாப் படிவம் ஒன்றை அனுப்பும். என்ன வேலை, என்ன சம்பளம், யாரெல்லாம் அவர் வருமானத்தில் வாழ்கிறார்கள், உடல்நிலை எப்படி, போரில் பங்கேற்பதை அவர் சமய நம்பிக்கை தடுக்கிறதா என்பதையெல்லாம் அவர் நிரப்பித் தர வேண்டும். அதை வைத்து உறுப்பினர்கள் வாக்கெடுத்து அவரை ஒரு வகையில் சேர்ப்பார்கள். இதற்கு வகைப்பாடு என்று பெயர். வாரியத்தின் உண்மையான அதிகாரம் முழுவதும் இந்த ஒரு செயலில்தான் இருந்தது.

வகைகளுக்கு எண்ணும் எழுத்தும் சேர்ந்த குறிகள் இருந்தன. உடனே அழைக்கத் தக்கவர் 1-ஏ. நாட்டுக்குத் தேவையான வேலையில் இருப்பவர் 2-ஏ அல்லது 2-பி. தம்மை நம்பியிருக்கும் குடும்பம் உள்ளவர் 3-ஏ. உடல் அல்லது மனநிலை காரணமாகத் தகுதியற்றவர் 4-எஃப். போரில் எந்த வகையிலும் பங்கேற்க மனச்சாட்சி இடம் தராதவர் 4-ஈ. இவர் படைக்குப் பதிலாகக் குடிமைப் பணி முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1-ஏ தவிர்த்த வகைகளில் பல நிரந்தர விலக்கு அல்ல. நிலைமை மாறினால் மீண்டும் 1-ஏ ஆகலாம். இத்தகைய தற்காலிக விடுப்பை ஒத்திவைப்பு என்பார்கள்.

கடைசியாக அழைப்பு. ராணுவம் இந்த மாதம் இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்கும். அந்த எண்ணிக்கை மாநிலங்களுக்குப் பிரிந்து, மாநிலத்திலிருந்து வாரியங்களுக்குப் பங்காக வரும். ஏரி மதகு எத்தனை நாள் திறக்கும் என்பதைப் போன்றது இது. வாரியத்தால் அதைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு ஒத்திவைப்புக் கொடுத்தால், அந்தப் பங்கை நிரப்ப அதே ஊரின் இன்னொரு வீட்டுப் பிள்ளை போக வேண்டியிருக்கும். உறுப்பினர்கள் ஒவ்வொரு மாலையும் சுமந்த பாரம் இதுதான். யாருடைய பெயரை எழுதினார்களோ அவருடைய தாயை மறுநாள் கடைவீதியிலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலிலும் பார்க்க வேண்டியிருந்தது.

ஆக, குலுக்கல் வரிசையைத் தந்தது, வாஷிங்டன் எண்ணிக்கையைத் தந்தது, வாரியம் வகையைத் தீர்மானித்தது. வகைப்பாட்டை ஏற்காதவர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அங்கும் இருந்தவர்கள் குடிமக்களே.

தெரிந்தவர் தீர்ப்பு

இந்த நெருக்கம் எப்படி வேலை செய்தது என்பதைத் தந்தையர் விவகாரத்தில் தெளிவாகப் பார்க்கலாம். 1942 நவம்பரில் அழைப்பு வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. அப்படியும் ஆள் போதவில்லை. 1943 அக்டோபர் முதல் குழந்தைகள் உள்ள தந்தையரையும் அழைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, பல வாரியங்கள் மனம் ஒப்பாமல் தயங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள், தந்தையரை மற்றவர்களுக்குப் பின்னரே அழைக்க வேண்டும் என்று நாடாளுமன்றமே சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. மேலிருந்து வரும் உத்தரவை அப்படியே கடத்தும் குழாயாக வாரியங்கள் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

போர் முடிந்தபின்னும் இம்முறை தொடர்ந்தது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லிக்கு 1957 டிசம்பரில் மெம்ஃபிஸ் நகர வாரியத்தின் அழைப்பு வந்தது. அப்போது அவர் ஒரு திரைப்படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். படப்பிடிப்பு நிறுவனம் கால நீட்டிப்புக் கேட்டபோது, கோரிக்கை அழைக்கப்பட்டவரிடமிருந்தே வர வேண்டும் என்று வாரியம் சொன்னது. எல்விஸ் தாமே கடிதம் எழுதினார். சில வாரங்கள் கிடைத்தன; 1958 மார்ச் 24 அன்று படையில் சேர்ந்தார். உலகப் புகழ் பெற்ற ஒருவரின் நாட்காட்டியை அவருடைய ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்து தீர்மானித்தார்கள்.

மறுபக்கம் கசப்பானது, அதை மென்று விழுங்கக் கூடாது. ஆள் தெரிந்தவர் தீர்ப்பு என்பது, ஊரின் ஏற்றத்தாழ்வும் கூடவே வந்து உட்காரும் தீர்ப்பு. அதிபர் ஜான்சன் நியமித்த ஆய்வுக் குழு 1967-இல் தந்த அறிக்கையின்படி, நாடு முழுவதும் உள்ள வாரிய உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் 1.3 விழுக்காடு மட்டுமே. வியட்நாமில் கறுப்பின இளைஞர்கள் இறந்துகொண்டிருந்த நேரம் அது. பெண்களை உறுப்பினராக ஏற்காத வழக்கம் அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தால்தான் நீங்கியது. கல்லூரி மாணவர்களுக்கு ஒத்திவைப்பு எளிதாகக் கிடைத்ததால், கல்லூரி வாசலை மிதிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதிகமாகப் போனார்கள். 300 டாலர் கட்டிய காலம் வேறு உருவில் திரும்பி வந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் வழக்கு இந்த இயந்திரத்தின் உட்புறத்தையே திறந்து காட்டியது. முதலில் எழுத்துத் தேர்வில் தேறாததால் விடுபட்டிருந்த அவர், தகுதி அளவு தளர்த்தப்பட்டபின் 1966-இல் 1-ஏ ஆனார். சமய நம்பிக்கையால் போரை மறுப்பவர் என்று தம்மை அறிவிக்கக் கோரினார். கென்டக்கி மாநிலத்து வாரியம் மறுத்தது. விசாரணை நடத்திய ஓய்வுபெற்ற நீதிபதி அவர் நம்பிக்கை உண்மையானது என்று எழுதினார். நீதித் துறை (நீதிமன்றம் அன்று, மத்திய அரசின் சட்ட அமைச்சகம்) அதற்கு மாறாக அறிவுரை சொன்னது. மேல்முறையீட்டு வாரியம் காரணம் எதையும் எழுதாமல் கோரிக்கையைத் தள்ளியது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில், படையில் சேர்வதன் அடையாளமாக ஓரடி முன்னே வைக்கச் சொன்னபோது அவர் வைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1971 ஜூன் 28 அன்று, உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவர் தண்டனையை ரத்து செய்தார்கள். வாரியம் எந்தக் காரணத்தால் மறுத்தது என்பதே பதிவில் இல்லை; நீதித் துறை கொடுத்த காரணங்களில் சில தவறானவை. அப்படியிருக்க அந்த மறுப்பு நிற்காது என்பது தீர்ப்பின் அடிப்படை. காரணத்தை எழுதி வைக்காத அதிகாரம் எவ்வளவு நெருங்கிய ஊர்க்காரரிடம் இருந்தாலும் ஆபத்தானதுதான்.

பதக்கம் எதற்கு?

போர்க்காலத் தலைமைக்கான மதிப்பு என்ற பேச்சு எழும்போது குழப்பம் இங்கேதான் கூடுகிறது. ஒரு பழைய அமெரிக்கக் குடும்பத்தின் பெட்டியில் செலக்டிவ் சர்வீஸ் பதக்கம் கிடைத்தால், தாத்தா போரில் சண்டையிட்டார் என்று பேரப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பதக்கம் 1945-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஏற்படுத்தியது. வாரிய உறுப்பினர், மேல்முறையீட்டு வாரிய உறுப்பினர், மருத்துவர் போன்று, ஊதியம் பெறாமல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு அது உரியது. அதைப் பெற்றவர் முன்னாள் படைவீரர் ஆகிவிடுவதில்லை. துப்பாக்கி தூக்கியவருக்கான பதக்கங்களின் வரிசையில் அதற்கு இடமும் இல்லை. அது ஒரு குடிமகனின் பொறுமைக்குக் கிடைத்த அடையாளம்.

இதற்கு நேர்மாறாக, ஏற்பாட்டின் உச்சியில் இருந்தவர்கள் ராணுவ மதிப்பையே பெற்றார்கள். 1917-இல் பொறுப்பேற்ற கிரௌடருக்கும், 1941 முதல் 1970 வரை செலக்டிவ் சர்வீஸின் இயக்குநராக இருந்த லூயிஸ் ஹெர்ஷிக்கும் ராணுவத்தின் சிறப்புச் சேவைப் பதக்கம் வழங்கப்பட்டது. போர்க்களத்தில் படை நடத்தாத ஹெர்ஷி, பதவியிலிருந்து விலக்கப்பட்ட வேளையில் நான்கு நட்சத்திர ஜெனரலாகவும் உயர்த்தப்பட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டிராஃப்ட் வழியாகப் படைக்கு வந்தவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர். அவ்வளவு பேரின் கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தவர்களுக்கு வெண்கலத்தில் ஒரு வட்டம் வந்தது. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் உறுப்பினர்களை வீரர்களாக உயர்த்திப் பேசுவதும் சரியாகாது. அவர்கள் அனுப்பியவர்கள், போனவர்கள் வேறு.

இன்றைய நிலை

1969 டிசம்பர் 1 அன்று பிறந்த தேதிகளை வைத்து நடந்த குலுக்கலுக்குப் பிறகு, வாரியங்களின் கையில் இருந்த விருப்புரிமை படிப்படியாகச் சுருங்கியது. அதில் முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் முன்வரிசையில் அதிகமாக விழுந்ததால், உறைகளைச் சரியாகக் கலக்கவில்லை என்ற குறையும் எழுந்தது. 1973-இல் கட்டாய அழைப்பு நின்றது. அதன்பின் ஒருவர்கூட டிராஃப்ட் மூலம் படைக்கு எடுக்கப்படவில்லை. பதிவு மட்டும் 1980-இல் மீண்டும் வந்தது. வாரியங்களுக்கு இன்றும் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டுப் பயிற்சியும் பெறுகிறார்கள். ஆனால் விசாரிக்க அவர்கள் முன் ஒரு கோப்பும் இல்லை. மீண்டும் ஆளெடுக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டும்.

அக்காவுக்கு நான் எழுதிய பதில் இதைவிடச் சிறியது. 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள், குடிமக்களானாலும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களானாலும், பதிவேட்டில் இருக்க வேண்டும். எச்-4 போன்ற தற்காலிக விசாவில் முறையாக இருக்கும் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. அவர் மகனுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் பதிவு செய்தாக வேண்டும், செய்வதால் எந்த முகாமுக்கும் போக வேண்டியதில்லை, பதிவானதாக வரும் கடிதத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கவும், பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள் என்று எழுதினேன். "சரிடா, இன்னைக்கே பண்ணச் சொல்றேன்" என்று பதில் வந்தது.